ஃபிளாப்பியிலிருந்து புதுக் கணினிக்கு: யுஎஸ்பி டிரைவ், கிரீஸ்வீசல், கோடெக், சீரியல் கேபிள்

பழைய ஃபிளாப்பியில் உள்ளதைப் புதுக் கணினிக்கு எடுக்க வேண்டுமா? முதலில் 3.5 அங்குல ஃபிளாப்பியின் ஷட்டரை (நகரும் மூடி) நகர்த்தி, நடுவிலுள்ள உலோக வட்டத்தை விரலால் சுற்றிப் பாருங்கள். தட்டில் வெள்ளைப் புள்ளியோ மங்கலான படலமோ தெரிந்தால் பூஞ்சை. கடலூர், புதுச்சேரிக் கடற்காற்றில் பரணில் கிடந்த ஃபிளாப்பிக்கு இது சகஜம். அப்படியே செருகினால் டிரைவின் ஹெட் (படிக்கும் முனை) தட்டைச் சுரண்டும், அழுக்கு அடுத்த ஃபிளாப்பிக்கும் ஒட்டும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்துக் காயவிடுங்கள்.

மலிவானது யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ். 1.44 எம்பி டாஸ் ஃபிளாப்பி நல்ல நிலையில் இருந்தால் இதுவே போதும். பக்கத்துக்கு 80 டிராக் (வட்டப் பாதை), 2 பக்கம், டிராக்குக்கு 18 செக்டர் (துண்டு), செக்டருக்கு 512 பைட். பெருக்கினால் இமேஜ் (தட்டின் முழு நகல் கோப்பு) 1474560 பைட் வர வேண்டும், குறைந்தால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. அமிகா என்ற பழைய கணினியின் ஃபிளாப்பியை இது படிக்காது. 5.25 அங்குலத்துக்கு இடமே இல்லை.

ஒரு சிக்கல் அடிக்கடி வரும்: 1.44 தட்டையே யாரோ 720 கேபியாக ஃபார்மட் செய்திருப்பார்கள். மூலையிலுள்ள இரண்டாவது ஓட்டையைப் பார்த்து டிரைவ் ஏமாந்து, 'ஃபார்மட் செய்யவா?' என்ற கேள்வி திரையில் வரும். தப்பித் தவறியும் சரி சொல்லாதீர்கள். ஒளி புகாத டேப்பால் அந்த ஓட்டையை மூடி மறுபடி செருகிப் பாருங்கள்.

பூஞ்சை பிடித்தது, அரைகுறையாய்ப் படிப்பது, டாஸ் அல்லாதது என்றால் எங்கள் ஓட்டு கிரீஸ்வீசலுக்கே. இந்தச் சின்ன போர்டு செக்டரைக் கேட்பதில்லை. காந்தத் திசை மாறும் இடைவெளிகளை அப்படியே அளந்து பதிகிறது. தட்டை ஒருமுறை முழுக்கப் படித்தால் போதும், செக்டர் பிரிக்கும் வேலையைப் பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் 34 பின் கேபிளுள்ள பழைய டிரைவ் வேண்டும். புதுச்சேரி ஞாயிறு சந்தையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள். 5.25 டிரைவுக்கு 5 வோல்ட்டோடு 12 வோல்ட்டும் தேவை என்பதால் பழைய எஸ்எம்பிஎஸ் (கணினியின் மின்வழங்கிப் பெட்டி) ஒன்றும் எடுத்து வையுங்கள். மின்சாரம் கொடுத்ததும் விளக்கு அணையாமல் எரிந்தால் கேபிள் தலைகீழ். 5.25 அங்குலத்தில், 1.2 எம்பி டிரைவில் 360 கேபி தட்டைப் படிக்கலாம், எழுதாதீர்கள்: 1.2 டிரைவ் எழுதும் டிராக் ஒல்லியானது, பழைய 360 டிரைவ் தடுமாறும்.

கோடெக் எதிர்த்திசைக்காரர். பழைய மெஷினில் ஃபிளாப்பி டிரைவ் இருந்த இடத்தில் மாட்டி, ஃப்ளாஷ்ஃப்ளாப்பி ஃபர்ம்வேர் (கருவியை இயக்கும் உள்நிரல்) ஏற்றி, பென்டிரைவில் இமேஜ்களைப் போட்டுக் கொடுக்கலாம். உங்கள் ஃபிளாப்பியை இது படிக்காது. அந்த நம்பிக்கையில் வாங்கி ஏமாறுபவர்கள் நிறைய.

டிரைவே செத்த மெஷினில் ஹார்ட் டிஸ்க் இயங்கினால், இரு கணினிகளையும் நேரடியாக இணைக்கும் சீரியல் கேபிள். 9 பின் இணைப்பில் 2, 3 பின்கள் குறுக்காக, 5 நேராக. நொடிக்கு 115200 பிட் வேகத்தில் ஒரு 1.44 இமேஜ் இரண்டு நிமிடம் சொச்சம். 9600-இல் 26 நிமிடம். 16 பைட் பஃபர் (தற்காலிகச் சேமிப்பிடம்) இல்லாத பழைய சீரியல் சிப் அதிவேகத்தில் பைட்டுகளைத் தவறவிடும், வேகத்தைக் குறையுங்கள். விண்டோஸ் 3.1 இருந்தால் அதன் டெர்மினல் நிரலிலேயே எக்ஸ்மோடம் என்ற கோப்பு அனுப்பும் முறை உண்டு. வெறும் டாஸில் அனுப்பும் நிரலை உள்ளே கொண்டுபோவதே தனிப் போராட்டம்.

அச்சகத்து ஃபிளாப்பிகளில் இருக்கும் 90களின் தமிழ் டிடிபி கோப்புகள் யூனிகோடு அல்ல. அந்த மெஷினிலுள்ள எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்து எடுங்கள். இல்லாவிட்டால் இமேஜ் பத்திரமாக இருந்தும் திரையில் குப்பைதான் வரும்.