யூனோஸ் ரோட்ஸ்டருக்கு ஷொக் மாற்றி இரண்டரை வருடம்

ஷொக் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷொக் அப்சோர்பர்) போய்விட்டதென்று திருகோணமலைப் பக்கம் கிண்ணியாப் பாலத்தில்தான் பிடிபட்டது. பாலத்தின் ஒவ்வொரு இணைப்பையும் தாண்டும்போது பின்பக்கம் ஒருதரம் எழும்பி அடங்காமல் இரண்டு மூன்று தரம் ஆடியது. என்னுடையது 1991ஆம் ஆண்டு 1.6 லீட்டர் யூனோஸ் ரோட்ஸ்டர். வெளிநாடுகளில் மஸ்டா எம்எக்ஸ்-5 என்று விற்றது இதைத்தான்.

முதலில் காசை மிச்சம் பிடிக்கப் பார்த்தேன். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில், பழைய காரில் கழற்றிய ஷொக் நாலு வாங்கினேன். கையால் அமத்தினால் நல்ல இறுக்கம். மூன்றாம் மாதமே முன் இடதில் எண்ணெய் கசிந்து தூசியோடு கறுப்பாக அப்பிக்கிடந்தது. கையால் அமத்துவது ஒரு சோதனையே இல்லை. கை மெதுவாகத் தள்ளும். ஷொக்கின் வால்வுக்கு வேலை வருவது சில்லு குழியில் விழும் வேகத்தில். தயவுசெய்து பழைய ஷொக் வாங்காதீர்கள்.

புதிதில் இரண்டு கொம்பனித் தெரிவு இருந்தது: பில்ஸ்டீன், கேவைபி. பில்ஸ்டீன் ஒற்றைக் குழாய். உள்ளே வாயு அழுத்தம் கூட, எண்ணெய் நுரைக்காது, வளைவில் கார் கத்திபோலத் திரும்பும். ஆசைதான். ஆனால் என் ஓட்டம் பெரும்பாலும் உவர்மலை, உட்துறைமுக வீதி, ஞாயிறென்றால் நிலாவெளி. என் காரில் இருப்பது கொம்பனி ஸ்பிரிங், மென்மையானது. அதற்கு மிஞ்சின இறுக்கமுள்ள ஷொக்கைப் போட்டால், அமுங்கின ஸ்பிரிங் முழுதாக விரியுமுன் அடுத்த குழி வந்துவிடும். கார் படிப்படியாகப் பதிந்துபோய் ஓடும். அதனால் சாதாரண இறுக்கமுள்ள கேவைபி நாலு எடுத்தேன். இந்த முடிவில் எனக்கு இன்றுவரை முழுத் திருப்தி.

ஷொக்கோடு சேர்த்து மாற்றவேண்டிய விலை குறைந்த சின்னச் சாமானை மாற்றாமல் விட்டுவிடாதீர்கள் என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஷொக் தண்டில் கோத்திருக்கும் பம்ப் ஸ்டொப்பை விரலால் தொட்டதும் பழைய கேக் மாதிரி உதிர்ந்து கொட்டியது. இந்தக் காரில் சில்லு மேலே போக இடம் குறைவு. பெரிய குழியில் கடைசி அடியை வாங்குவது அந்த நுரைத்துண்டுதான். அது இல்லாவிட்டால் புது ஷொக்கின் உள்ளுறுப்பே அடிபடும். மேல் ரப்பரையும் சேர்த்தே மாற்றினேன்.

கழற்றுவதுதான் பெரும்பாடு. கடற்காற்றில் கீழ் போல்ட், ரப்பர் புஷ்ஷின் உள் இரும்போடு ஒட்டிப்போயிருந்தது. இரண்டு நாள் எண்ணெய் விட்டு ஊறவைத்து, மூன்றாம் நாள்தான் அசைந்தது. மேல் நட்டுகள் முன்னுக்கு பொனட்டுக்குள், பின்னுக்கு டிக்கிக்குள், அவை சுலபம். பூட்டும்போது நான் ஜக்கில் வைத்தபடியே இறுக்கப்போக, கராஜ் அண்ணா தடுத்தார்: “பொறு தம்பி, காரை நிலத்தில இறக்கிப்போட்டு இறுக்கோணும். அந்தரத்தில இறுக்கினா புஷ் முறுகிப்போயிரும்.” அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பிறகு வீல் அலைன்மென்ட்.

இப்போது 21,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. கசிவில்லை. கொழும்புக்கு நாலுதரம் போய்வந்தேன்; ஹபரணைக் காட்டு வீதியில் வேகமாகப் போகையில்கூட ஸ்டியரிங் அமைதி. கிண்ணியாப் பாலத்தில் ஒரு ‘டக்’, அவ்வளவுதான். முதல் ஆயிரம் கிலோமீட்டர் கொஞ்சம் விறைப்பாக இருந்தது, பிறகு இளகிவிட்டது. குறையென்றால் பின் ஷொக்கின் கீழ்த் தட்டில் துரு தொடங்கியிருக்கிறது. நிலாவெளியால் வந்தால் அன்றைக்கே அடிப்பக்கத்துக்கு நல்ல தண்ணீர் அடிக்கிறேன். மழைக்கு முன் சுரண்டித் துருத்தடுப்புப் பெயின்ட் பூச வேண்டும்.