லேப்டாப் மோடம் "போயிடுச்சு" என்றால் உடனே காசை எடுத்து நீட்டாதீர்கள்

கும்பகோணத்தில் லேப்டாப்பை சர்வீசுக்குக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். கடைப் பெயரை எழுதவில்லை, எந்தக் கடையிலும் இது நடக்கலாம்.

என்னுடையது விண்டோஸ் எக்ஸ்பி போட்ட லேப்டாப், போன் லைன் வழியாக இணையத்தில் சேர்க்கும் மோடம் உள்ளேயே உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருந்த டயல்-அப் (போன் நம்பரை டயல் செய்து வரும் இணையம்) திடீரென்று எரர் 680 காட்ட ஆரம்பித்தது, அதாவது டயல் டோன் இல்லையாம். அதே வயரைப் போனில் சொருகினால் டோன் கேட்கிறது, பேசவும் முடிகிறது. கடைக்காரர் லேப்டாப்பை ஆன்கூடச் செய்யாமல் "மின்னல்ல மோடம் அடிச்சிருக்கு சார், மாத்தணும்" என்றார். மழைக்காலத்தில் போன் வயர் வழியாக மோடம் கருகுவது நடக்கிற விஷயம்தான், சரி என்று விட்டேன். 2,200 ரூபாய். கடை லைனில் போட்டு இணையம் வருவதைக் காட்டித்தான் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தால் மறுபடி 680. திரும்பக் கொண்டுபோனால் "அப்ப மதர்போர்டுதான், 16,000 ஆகும்" என்கிறார். பழைய மோடத்தைக் கேட்டேன், தூக்கிப் போட்டாச்சாம். லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தேன். இந்த மாடலில் மோடம் தனிக் கார்டு, தீப்பெட்டியைவிடச் சின்னது, அடிப்பக்கம் ஒரு மூடிக்குள் இருக்கும். அந்த மூடித் திருகின்மேல் கம்பெனி ஒட்டிய ஸ்டிக்கர் ஓரம்கூடக் கிழியவில்லை. காட்டினால், "அதெல்லாம் கீபோர்டு வழியா எடுத்துடுவோம் சார்" என்கிறார், கூசாமல்!

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கும் நண்பர் ஒரே கேள்வி கேட்டார், "கால் டைவர்ட் போட்டிருக்கீங்களா?" அப்பா ஊருக்குப் போகும்போது வீட்டு நம்பரைத் தன் செல்லுக்குத் திருப்பிவிட்டிருந்தார். டைவர்ட் இருந்தால் எங்கள் லைனில் ஒரே சீரான டோன் வராது, விட்டுவிட்டு வரும். நம் காதுக்கு அதுவும் டோன்தான், மோடத்துக்கு இல்லை. கடை லைனில் டைவர்ட் கிடையாது, அங்கே ஓடியதன் ரகசியம் அவ்வளவுதான். டைவர்ட்டை எடுத்தோம், உடனே கனெக்ட் ஆனது. எடுக்க முடியாதவர்கள் மோடம் பிராப்பர்ட்டீஸில் 'வெயிட் ஃபார் டயல் டோன் பிஃபோர் டயலிங்' டிக்கை நீக்கினால் போதும்.

அப்புறம், கடைக்குப் போகும் முன் கண்ட்ரோல் பேனலில் ஃபோன் அண்ட் மோடம் ஆப்ஷன்ஸ் திறந்து, உங்கள் மோடத்தின் பிராப்பர்ட்டீஸில் டயக்னாஸ்டிக்ஸ் போய் 'க்வெரி மோடம்' அழுத்துங்கள். ஏடிஐ1, ஏடிஐ2 என்று மோடத்துக்குப் போகும் கட்டளைகள் ஒவ்வொன்றுக்கும் எதிரே பதில் வந்தால் கார்டு லேப்டாப்போடு பேசுகிறது, மதர்போர்டு கதையை நம்ப வேண்டாம். கார்டில் போன் லைன் சேரும் பக்கம் மட்டும் கருகியிருக்கவும் வாய்ப்புண்டு, அதற்குப் பக்கத்து வீட்டு லைனில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். வயர் சொருகுவது சின்ன ஓட்டையில்தானா என்றும் பாருங்கள், பெரியது லேன் என்கிற நெட்வொர்க் கேபிளுக்கு. கார்டு மாற்றியே ஆக வேண்டுமென்றால் கண்ணெதிரே மாற்றச் சொல்லி, பழையதைக் கையோடு வாங்கிவிடுங்கள்.

என் பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது, மோடம் என்ற பேச்சே இல்லை. காசைத் திருப்பித் தர மாட்டாராம். அந்த பில்லையும் ஸ்டிக்கரின் போட்டோவையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.