புராக்ஸ்மாக்ஸில் மெமரி வரம்பு: பலூனை நம்பியும் நம்பாமலும்

ஒரே சர்வரில் பல மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் மென்பொருள் புராக்ஸ்மாக்ஸ். அதில் ஒரு கெஸ்ட்டுக்கு, அதாவது ஒரு மெய்நிகர் இயந்திரத்துக்கு, மெமரி ஒதுக்கும் திரையில் நிரப்ப வேண்டியவை கொஞ்சம்தான். மெமரி, குறைந்தபட்ச மெமரி, ஷேர்ஸ், பலூன் டிவைஸ் வேண்டுமா என்று கேட்கும் ஒரு டிக். சில ஆண்டுகளாக என் அன்றாடப் பிழைப்பு இந்தத் திரையோடுதான். அதற்கு முன் விஎம்வேர் நிறுவனத்தின் இதேபோன்ற மென்பொருளான இஎஸ்எக்ஸ்ஐ. இந்த நான்கில் முதல் எண்ணை மட்டும் வைத்தே கணக்குப் போடுங்கள் என்பதுதான் என் கருத்து. மற்ற மூன்றும் நெருக்கடி வந்தால் சமாளிக்க வைத்திருப்பவை.

எங்கள் சர்வரில் 128 ஜிபி ராம். வட்டுகள் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் மிரராக (ஒன்றின் நகல் மற்றொன்றில்) இருக்கின்றன. மேலே சில லினக்ஸ் கெஸ்ட்கள், ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், ஜாவாவில் ஓடும் ஒரு பில்லிங் சேவை, இரண்டு விண்டோஸ் சர்வர்கள்.

பலூன் புதிய சரக்கு அல்ல. விஎம்வேரின் ஹைப்பர்வைசர் (கெஸ்ட்களை ஓட்டும் அடித்தள மென்பொருள்) மெமரியை எப்படி நிர்வகிக்கிறது என்று கார்ல் வால்ட்ஸ்பர்கர் 2002இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையிலேயே அது விரிவாக வந்துவிட்டது. கெஸ்ட்டுக்குள் உட்காரும் ஒரு டிரைவர், ஏதோ தனக்கே தேவை என்பதுபோல் மெமரியைக் கேட்டு வாங்கிப் பூட்டிவிடுகிறது. பூட்டிய பக்கங்களை (மெமரியின் சிறு துண்டுகளை) ஹோஸ்ட், அதாவது கெஸ்ட்களைச் சுமக்கும் சர்வர், எடுத்து வேறு கெஸ்ட்டுக்குக் கொடுக்கிறது. புராக்ஸ்மாக்ஸில் மெமரி 8 ஜிபி, குறைந்தபட்சம் 2 ஜிபி என்று போட்டால், ஹோஸ்ட்டின் மொத்தப் பயன்பாடு 80 சதவீதத்தைத் தாண்டும்வரை கெஸ்ட் 8 ஜிபியை அனுபவிக்கலாம். தாண்டியதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கத் தொடங்கும். 2 ஜிபிக்குக் கீழே போகாது. யாருக்கு எவ்வளவு மிச்சம் என்பதை ஷேர்ஸ் முடிவு செய்கிறது. எல்லோருக்கும் இயல்பாக 1000. 3000 போட்ட கெஸ்ட்டுக்கு உபரியில் மூன்று பங்கு.

படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் கெஸ்ட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தால் கதை வேறு. லினக்ஸில் பலூன் ஊதும்போது, அதாவது டிரைவர் மெமரியைப் பூட்டும்போது, மொத்த மெமரியே குறைந்துபோனதாகத் தெரியும். காலையில் 8 ஜிபி காட்டிய இயந்திரம் மாலையில் 4 ஜிபி காட்டும். ஜாவா, தனியாக எதுவும் சொல்லாவிட்டால், தொடங்கும் நேரத்தில் தெரியும் மெமரியில் கால் பங்கைத் தன் ஹீப்பின் (நிரல் தன் தரவை வைக்கும் மெமரிப் பகுதியின்) உச்சவரம்பாக எடுத்துக்கொள்ளும். சாதாரண நாளில் தொடங்கினால் 2 ஜிபி. பலூன் ஊதியிருக்கும்போது யாராவது சேவையை மறுதொடக்கம் செய்தால் 1 ஜிபிதான். பிறகு பலூன் சுருங்கி மெமரி முழுக்கத் திரும்பி வந்தாலும் ஜாவா அந்த 1 ஜிபியிலேயே முக்கிக்கொண்டிருக்கும். ஒரே மென்பொருள், ஒரே அமைப்பு, ஆனால் செவ்வாய்க்கிழமை மட்டும் மந்தம். இதைக் கண்டுபிடிக்க எந்த லாகும் உதவாது. ஜாவாவுக்கு ஹீப் அளவைக் கையால் எழுதிக் கொடுத்துவிடுவதே தீர்வு.

விண்டோஸில் நேர் எதிர். மொத்தம் மாறுவதில்லை; பூட்டிய பக்கங்கள் ‘பயன்பாட்டில் உள்ளது’ என்ற கணக்கில் சேர்ந்துவிடும். டாஸ்க் மேனேஜர் 90 சதவீதம் என்று காட்டும், பட்டியலில் உள்ள புராசஸ்களைக் கூட்டினால் பாதிகூட வராது. ‘சர்வரில் வைரஸ் இருக்கிறது’ என்று எனக்கு வந்த புகார்களில் சில இந்த வகைதான். ராம் எதற்குப் போகிறது என்று காட்டும் ராம்மேப் கருவியைத் திறந்தால் ‘டிரைவர் லாக்ட்’ என்ற வரிசையில் காணாமல்போன ஜிபிகள் எல்லாம் வரிசையாக இருக்கும். விர்ட்ஐஓ (மெய்நிகர் சாதனங்களுக்கான) டிரைவரோடு பலூன் சேவையும் நிறுவியிருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் கெஸ்ட்டின் உள்நிலவரம் ஹோஸ்ட்டுக்குத் தெரியாது.

அடுத்தது, நான் அதிகம் மெனக்கெட்ட இடம்: இசட்எஃப்எஸ். அது வட்டுத் தரவை ராமில் ஏஆர்சி என்ற கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்துக்கொள்ளும். பழைய நிறுவல்களில் இதற்கு இயல்பான உச்சவரம்பு ஹோஸ்ட் ராமில் பாதி. எங்களுக்கு அது 64 ஜிபி. லினக்ஸின் வழக்கமான பேஜ் கேஷ் (கோப்புத் தரவுக்கான கேஷ்) ‘காலி’ கணக்கில் வரும்; இது அப்படி வராது, பயன்பாட்டுக் கணக்கிலேயே ஏறும். கெஸ்ட்கள் 45 ஜிபிதான் எடுத்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 109. 128இல் 80 சதவீதம் என்பது 102தான். ஆக, ஹோஸ்ட் தன் வசதிக்காக வைத்திருக்கும் கேஷுக்காக கெஸ்ட்களின் கழுத்து நெரிபடுகிறது! ஷேர்ஸை ஏற்றி இறக்கி இதைச் சரிசெய்ய முடியாது. புராக்ஸ்மாக்ஸ் 8.1 முதல் புதிதாக நிறுவும்போது ஏஆர்சிக்கு ராமில் 10 சதவீதம், அதிகபட்சம் 16 ஜிபி என்று வரம்பு வைத்துவிடுகிறார்கள். அதற்கு முந்தைய நிறுவலை மேம்படுத்தி மேம்படுத்தி ஓட்டுபவர்கள் தாங்களே போய் வைக்க வேண்டும். நான் 12 ஜிபி வைத்திருக்கிறேன். வட்டு வேகத்தில் யாரும் குறை சொல்லவில்லை.

கேஷ் கொஞ்சம் மெதுவாகத்தான் இடம் விடும் என்பதால் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரு பெரிய கெஸ்ட் திடீரென்று மெமரி கேட்டு, ஏஆர்சி ஒதுங்குவதற்குள் ராம் தீர்ந்துபோனால், ஹோஸ்ட்டின் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) ஓஓஎம் கில்லரை, அதாவது மெமரி தீர்ந்தால் ஒரு புராசஸைக் கொன்று இடம் மீட்கும் ஏற்பாட்டை, எழுப்பும். அது பெரும்பாலும் அதிக மெமரி வைத்திருக்கும் புராசஸைத்தான் பார்க்கும். புராக்ஸ்மாக்ஸின் அடியில் இருக்கும் கேவிஎம்மில் ஒவ்வொரு கெஸ்ட்டும் ஹோஸ்ட்டுக்கு ஒரு சாதாரண புராசஸ்தான். அப்படியானால் பலியாவது யார்? அநேகமாக, நீங்கள் பொறுப்பாக அதிக ராம் கொடுத்து வைத்திருக்கும் தரவுத்தள சர்வர். கெஸ்ட்டின் லாகைப் புரட்டினால் மின்சாரம் போனதுபோல் பாதியில் நிற்கும். காரணம் ஹோஸ்ட்டின் கெர்னல் லாகில் மட்டுமே இருக்கும். காரணமே இல்லாமல் கெஸ்ட் அணைந்து கிடந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

இஎஸ்எக்ஸ்ஐயில் ரிசர்வேஷன் (உறுதியாகத் தரும் அளவு), லிமிட் (உச்ச அளவு), ஷேர்ஸ் என்று மூன்று தனித்தனி. சும்மா கிடக்கும் மெமரிக்கு வரி போட்டு, பயன்படுத்தாதவரிடம் முதலில் எடுக்கும் ஏற்பாடும் உண்டு. அந்த நுணுக்கம் புராக்ஸ்மாக்ஸில் இல்லை. ஆனால் லிமிட் என்ற அந்தக் கட்டம் இல்லாதது எனக்கு நிம்மதி. 16 ஜிபி என்று நம்பிக்கொண்டிருக்கும் கெஸ்ட்டுக்கு 8 ஜிபி லிமிட் போட்டால், அதற்கு விஷயமே தெரியாது. மிச்சத்தை ஹைப்பர்வைசர் பலூனாகவும், வட்டில் ஸ்வாப்பாகவும் தள்ளிக்கொண்டிருக்கும். டெம்ப்ளேட்டில் அது ஒட்டிக்கொண்டால் குளோன் செய்யும் ஒவ்வொன்றிலும் தொடரும்.

கேஎஸ்எம் பற்றி ஒரு வரி: ஒரே மாதிரியான பக்கங்களை இணைத்து இடம் மிச்சப்படுத்தும், ஒரே விண்டோஸ் பதிப்பு பல ஓடினால் பலன் தெரியும், ஆனால் ஒருவரையொருவர் நம்பாத வாடிக்கையாளர்களின் கெஸ்ட்கள் ஒரே ஹோஸ்ட்டில் இருந்தால் அணைத்துவிடுங்கள். கன்டெய்னர்கள் (ஹோஸ்ட்டின் கெர்னலையே பகிர்ந்து ஓடுபவை) இந்தத் தலைவலிகளில் பாதியைத் தருவதில்லை. வரம்பை ஓடும்போதே மாற்றலாம், மீறினால் சாவது அந்தக் கன்டெய்னருக்குள் இருப்பது மட்டுமே.

இப்போது என் ஏற்பாடு இப்படி இருக்கிறது. போஸ்ட்கிரெஸ், பில்லிங், விண்டோஸ் ஆகியவற்றுக்கு மெமரியும் குறைந்தபட்சமும் ஒரே எண். பலூன் டிவைஸின் டிக்கை எடுப்பதில்லை. உள்ளே எவ்வளவு பயன்பாடு என்ற தகவல் அதன் வழியாகத்தான் வருகிறது. சோதனை இயந்திரங்களுக்கு மட்டும் குறைந்தபட்சத்தைத் தாழ்த்தி வைத்திருக்கிறேன். கிராஃபிக்ஸ் கார்டை நேரடியாகக் கொடுத்திருக்கும் கெஸ்ட்டில் பலூனுக்கு வேலையில்லை, அதன் மெமரி முழுவதும் தொடக்கத்திலேயே பூட்டப்பட்டுவிடும். எண்ணை மாற்றியபின் கெஸ்ட்டுக்குள்ளிருந்து ரீபூட் செய்துவிட்டு ‘ஏறவில்லையே’ என்று விழிக்க வேண்டாம். புராக்ஸ்மாக்ஸின் ரீபூட் பொத்தானை அழுத்த வேண்டும்.

எனக்கு இன்னும் தீராத குறை ஒன்று. நோடின் (ஹோஸ்ட் சர்வரின்) சுருக்கப் பக்கம் இப்போதைய பயன்பாட்டைக் காட்டுகிறது. எல்லா கெஸ்ட்களுக்கும் சேர்த்து எவ்வளவு தருவதாகச் சொல்லியிருக்கிறோம் என்ற கூட்டுத்தொகை அங்கே இல்லை. ஊருக்கெல்லாம் பத்திரிகை வைத்துவிட்டு இலையை எண்ணாமல் இருப்பதுபோல. ஆகவே ஒரு விரிதாள் வைத்திருக்கிறேன்: கெஸ்ட்களின் மொத்தம், ஏஆர்சி 12, ஹோஸ்ட்டுக்கு 6. கூட்டல் 120ஐத் தாண்டினால் புதிய கெஸ்ட் கிடையாது. அண்மையில் ஒரு மென்பொருள் நிறுவனம் தன் சர்வருக்கு 32 ஜிபி கண்டிப்பாக வேண்டும் என்று எழுதியது. 12 கொடுத்தேன். மாதக் கடைசி பில்லிங் நாளிலும் அது 7 ஜிபியைத் தாண்டவில்லை. வரைபடத்தை அவர்களுக்கு அனுப்பினேன், பதில் வரவில்லை.