மும்பை டிரஸ்ட் ஆஸ்பத்திரிகளில் டெபாசிட் கட்டும் முன்: ஓர் எச்சரிக்கை

தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர்ப் பக்கம் இருக்கும் நம் ஆட்கள் இதைக் கட்டாயம் படிக்கவும். பெரிய டிரஸ்ட் ஆஸ்பத்திரி ஒன்றில் என் சித்தப்பா குடும்பத்தை மொட்டையடித்த கதை இது. புகார் விசாரணையில் இருப்பதால் ஆஸ்பத்திரியின் பெயரைப் போடவில்லை.

சித்தப்பா தோல் பை தைக்கும் பட்டறையில் பீஸ் ரேட்டுக்கு வேலை செய்பவர். ராத்திரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரைப் பட்டறை முதலாளி தன் வண்டியிலேயே அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். ஈசிஜி எடுத்தார்கள், மாரடைப்பு என்றார்கள், உடனே ஆஞ்சியோ செய்யணும் என்றார்கள். டாக்டர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவர்களால்தான் மனுஷன் இன்று நடமாடுகிறார். கவுண்டரில் இருந்தவர்கள் வேறு ரகம். "ஐம்பதாயிரம் டெபாசிட் கட்டினால்தான் கேத் லேபுக்கு அனுப்புவோம்" என்றார் ஒருவர். ஆஞ்சியோ செய்யும் அறைதான் கேத் லேப். முதலாளி கொஞ்சம், சீட்டுப் பணம் எடுத்து வைத்திருந்த பக்கத்து வீட்டு அக்கா கொஞ்சம் என்று புரட்டிக் கட்டினார்கள்.

ரசீதோடு சேர்த்து ஆங்கிலத்தில் ஒரு படிவத்தையும் சித்தியிடம் நீட்டியிருக்கிறார்கள். சித்திக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். "போடும்மா, நேரமாகுது" என்றதும் போட்டுவிட்டார். நோயாளி பொதுப் பிரிவில் சேர்கிறார், முழுச் செலவையும் குடும்பம் ஏற்கிறது, எந்தச் சலுகையும் கோராது என்று அதில் இருந்தது மறுநாள் நான் வாங்கிப் படித்தபோதுதான் தெரிந்தது.

லிஃப்டுக்குப் பின்னால், தண்ணீர் கேன்கள் மறைத்திருந்த சுவரில், ஏழை நோயாளிகளுக்கான படுக்கைகள் பற்றி மராத்தியில் ஒரு பலகை. அதைப் பார்த்த பிறகுதான் விசாரிக்க ஆரம்பித்தேன். மகாராஷ்டிராவில் அறக்கட்டளை நடத்தும் ஆஸ்பத்திரி மொத்தப் படுக்கைகளில் 10 சதவீதத்தை வறியவர்களுக்கு இலவசமாகவும், இன்னொரு 10 சதவீதத்தை நலிந்த பிரிவினருக்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்கியாக வேண்டும். பொது அறக்கட்டளைச் சட்டத்தின் 41ஏஏ பிரிவும், 2006-இல் மும்பை உயர் நீதிமன்றம் வகுத்த திட்டமும் இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. குடும்ப ஆண்டு வருமானம் 1,80,000 ரூபாய்க்குள் இருந்தால் முதல் வகை, 3,60,000 வரை என்றால் இரண்டாவது வகை. இதற்கான பணம் டிரஸ்டிகளின் சொந்தப் பாக்கெட்டிலிருந்து போவதும் இல்லை. மற்ற நோயாளிகளின் மொத்த பில்லில் 2 சதவீதத்தை ஏழை நோயாளிகள் நிதி என்று தனிக் கணக்கில் வைக்க வேண்டும், மருந்து, ஸ்டென்ட் போன்றவற்றின் செலவு அதிலிருந்து கழியும். அறக்கட்டளை என்று சொல்லித்தான் வரிச்சலுகை வாங்குகிறார்கள். அதை வாங்கும்போது மட்டும் யாருக்கும் இந்தச் சட்டம் மறப்பதில்லை.

எங்களுக்கு முதலில் கிடைத்த பதில், "சாரிட்டி பெட் காலி இல்லை." எத்தனை பெட், யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டதும் பேச்சு மாறியது. தாசில்தார் கொடுக்கும் வருமானச் சான்றிதழ், அதாவது தாக்லா, இல்லாமல் முடியாது என்றார்கள். இது பச்சைப் பொய். தாசில்தார் சான்றிதழ், ரேஷன் கார்டு, வறுமைக் கோட்டு அட்டை, இவற்றில் ஏதாவது ஒன்றைப் பார்த்து ஆஸ்பத்திரியின் சோஷியல் வொர்க்கர் முடிவு செய்யலாம் என்றுதான் திட்டத்தில் இருக்கிறது. ரேஷன் கார்டைக் காட்டியதும் மூன்றாவது பதில்: "நிதி தீர்ந்துபோச்சு." நிதி பற்றாக்குறை என்றால் அதை இணை அறநிலைய ஆணையர் தலைமையிலான கண்காணிப்புக் குழுவிடம் கொண்டுபோக வேண்டியது ஆஸ்பத்திரி. கவுண்டர் ஆள் அதைச் சொல்லி நோயாளியைத் திருப்பியனுப்ப முடியாது. கடைசியாக எடுத்துவிட்டது சித்தி கையெழுத்துப் போட்ட படிவத்தை. "பொதுப் பிரிவில் சேர்ந்தவரை நடுவில் மாற்ற முடியாது."

பில் இரண்டே முக்கால் லட்சம். முழுவதும் கட்டும்வரை டிஸ்சார்ஜ் பேப்பர் தரவில்லை. சித்தியின் தாலிச் செயின் அடகுக் கடையில் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. அவசர நோயாளியை உடனே சேர்த்து, அபாய கட்டம் தாண்டும்வரை உயிர்காக்கும் சிகிச்சை தர வேண்டும், டெபாசிட் கேட்கக் கூடாது என்று அதே திட்டம் சொல்கிறது. ஆக, அந்த ஐம்பதாயிரத்தைக் கேட்டதே விதிமீறல். டெபாசிட் கட்டவைத்துவிட்டால் 'பணம் கட்டக்கூடிய குடும்பம்' என்று எழுதிவிடலாம், அப்புறம் படிவம், அப்புறம் மற்றதெல்லாம். இந்த வழியைத் தெரிந்தேதான் வைத்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம், ஏனென்றால் அதே வார்டில் கோவண்டியிலிருந்து வந்த ஒரு குடும்பத்திடமும் இதே படிவம் இருந்தது.

அதனால் கேஷுவாலிட்டியில் டெபாசிட் கேட்டால் "எமர்ஜென்சி கேஸ், எழுத்தில் கேளுங்கள்" என்று சொல்லுங்கள். எழுதித் தர மாட்டார்கள். படிக்காத எதிலும் வீட்டுப் பெண்களைக் கையெழுத்துப் போட விடாதீர்கள், புரியாவிட்டால் போட்டோ எடுத்து யாருக்காவது அனுப்புங்கள். கவுண்டரில் மல்லுக்கட்டுவதை விட சோஷியல் வொர்க்கரைத் தேடிப் பிடியுங்கள். ரேஷன் கார்டும் ஆதாரும் எப்போதும் ஒரே பையில் இருக்கட்டும். முடிந்தால் தாக்லாவையும் உடம்பு நன்றாக இருக்கும்போதே வாங்கி வையுங்கள், அது இருந்தால் வாக்குவாதம் பாதியாகக் குறையும்.

வர்ளியில் இருக்கும் அறநிலைய ஆணையர் அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான் குடும்பம் சலுகை கேட்டது என்று ஆஸ்பத்திரி பதில் போட்டிருக்கிறது. வாயால் கேட்டதற்கு எங்களிடம் சாட்சி இல்லை. உங்கள் வீட்டு ஆள் இப்போது அப்படியொரு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால், டிஸ்சார்ஜுக்கு முன்பே ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிவிடுங்கள்.