எட்டு வின்ச்சுகளும் ஒரு துணியும்

இசை நிகழ்ச்சி மேடையில் துணியை அலைபோல ஏற்றி இறக்குவதற்காக 2019 இல் எட்டு டிஎம்எக்ஸ் வின்ச்சுகளை வாங்கினேன். மேடை விளக்குகளை இயக்கும் அதே டிஎம்எக்ஸ் சமிக்ஞையைக் கேட்டு, கம்பியை உருளையில் சுற்றியும் விட்டும் வேலை செய்யும் மோட்டர்கள் இவை. பழையவைதான், ஒவ்வொன்றும் 5 கிலோ தூக்கும், 6 மீற்றர் இறங்கும். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் மட்டக்களப்பு மண்டபங்களிலும் கோயில் வீதிகளிலும் அவற்றோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். வாங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் ஒத்திகையிலேயே துணி படிக்கட்டில் இறங்குவதுபோல வெட்டி வெட்டி இறங்கியது. மோட்டர் பழுது என்று இரண்டு நாள் கழற்றிப் பூட்டினேன். பழுது மோட்டரில் இல்லை. நிலையைச் சொல்ல ஒரே சனல் (0 முதல் 255 வரை ஓர் எண்ணை அனுப்பும் தடம்) என்றால் 6 மீற்றருக்கு 256 படிகள்தான். ஒரு படி இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல். இரண்டு சனல்கள் கொடுத்தால் 65,536 படிகள். மாற்றிய அன்றிரவு துணி எண்ணெய்போல வழுகி இறங்கியது. இந்த வசதி இல்லாத வின்ச்சை இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

தூக்கும் எடையைப் பற்றிக் கவலை வேண்டாம். என் சிஃபான் துணி சதுர மீற்றருக்கு 40 கிராம். ஆறுக்கு நாலு மீற்றர் துண்டு ஒரு கிலோகூட வராது. ஆனால் அந்த இலேசுதான் வெளியில் வினையாகும். ஆடி மாதத் திருவிழா ஒன்றில், மாலை ஒத்திகையின்போது கச்சான் காற்று வீசியது. துணி பாய்மரம்போல உப்பி மேலேயே நின்றது. வின்ச் அதை அறியாமல் கம்பியை விட்டுக்கொண்டே போனது. தளர்ந்த கம்பி உருளையை விட்டுக் கழன்று, குருவிக்கூடாகச் சிக்கியது. பிரித்தெடுக்க நள்ளிரவாகிவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவர், "இரண்டு பேர் துணியைப் பிடித்தால் போதாதா மனே?" என்றார். கூத்துக்களரியில் திரை பிடித்துப் பழகிய மனிதர். அன்றைக்கு அவர் சொன்னதே சரி. இப்போது ஒவ்வொரு கொக்கியிலும் 300 கிராம் ஈயம் கட்டுகிறேன். காற்றடித்தால் துணியை ஏற்றுவதே இல்லை. ஈயம் கட்டிய துணிக்குக் கீழே ஆட்களையும் நிற்க விடுவதில்லை.

முதலில் வைத்திருந்தது தீத்தடுப்பு மருந்து ஏற்றிய பருத்தித் துணி. அழுக்கானதும் துவைத்தேன். துவைப்பதற்கு முன் வெட்டிவைத்த ஓரத்துண்டில் தீக்குச்சி பிடித்தபோது கருகி அணைந்தது. துவைத்த துணியின் துண்டோ சரசரவென்று எரிந்தது. மருந்து தண்ணீரோடு போய்விட்டது. இழையிலேயே தீத்தடுப்புள்ள பொலியெஸ்டருக்கு மாறியது அதன் பிறகுதான். அதுவும் விளக்குச் சூட்டில் உருகும், தள்ளியே கட்ட வேண்டும்.

2022 மின்வெட்டுக் காலத்தில் நடந்தது ஒரு பகிடி. பாடகர் கண்ணை மூடி ஆலாபனையில் இருக்கும்போது மின்சாரம் போனது. மின்பிறப்பாக்கி வந்தது. வின்ச்சுகள் எட்டும் தங்கள் தொடக்க நிலையைத் தேடி ஒரே மூச்சில் மேலே ஏறின. துணி எழுந்து போக, பின்னால் வயர் சுற்றிக்கொண்டிருந்த பையன் முழு வெளிச்சத்தில் நின்றான். கைதட்டலும் கிடைத்தது. மறுவாரமே வின்ச்சுகளுக்கென்று தனி யுபிஎஸ் வாங்கிவிட்டேன்.

அதிக சேதம் ஓடாமல் கிடந்த காலத்தில்தான். பெருந்தொற்றின்போது பெட்டிகள் கல்லடியில், கடலுக்குப் பக்கத்தில், மாதக்கணக்கில் கிடந்தன. திறந்தபோது கம்பி வெளியே பளபளத்தது. விரலில் வளைத்துப் பார்த்தேன். இழைகளுக்கிடையிலிருந்து செம்பொடி உதிர்ந்தது. எட்டையும் துருப்பிடிக்காத உருக்குக் கம்பிக்கு மாற்றினேன். இணைப்பிகளின் முனைகளில் பச்சை படிந்திருந்தது; அவற்றைத் துடைத்ததோடு சரியாயிற்று.

மண்டபத்துக்குள் மட்டும் வேலை என்றால் தயங்காமல் வாங்கலாம். திறந்த வெளிக்கென்றால் நான் இரண்டாம் முறை வாங்க மாட்டேன். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒரு கம்பியை வளைத்துப் பாருங்கள்.