காட்டி மறுத்து, பின்பு திறந்துவிடும் தீவு: ‘லிங்க்ஸ் அவேக்கனிங்’

மேலிருந்து நோக்கும் சாகச வீடியோ விளையாட்டில் நிறைவு தருவது எது என்று கேட்டால், ஓர் இடத்தை முதலில் காட்டி மறுத்துவிட்டு, பின்பு உரிய கருவியைக் கையில் தந்து அதே இடத்திற்கு நம்மைத் திரும்பி வரச் செய்வதே என்பேன். நிண்டெண்டோ 1993இல் கேம் போய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்காக வெளியிட்டு, 2019இல் தன் சுவிட்ச் கருவிக்காகப் புதுப்பித்து வெளியிட்ட ‘த லெஜெண்ட் ஆஃப் செல்டா: லிங்க்ஸ் அவேக்கனிங்’ அதைச் செம்மையாகச் செய்கிறது. மாங்குளத்துப் பக்கம் மின்சாரம் நின்றுபோகும் மாலைகளில், இணைய இணைப்பின்றி, மின்கலத்தை மட்டும் நம்பி இதை விளையாட முடிந்தது. வன்னியில் இருப்பவர்களுக்கு அதுவும் ஒரு தகுதிதான்.

கோஹொலிண்ட் தீவில் கரையொதுங்கும் கதைநாயகன் லிங்க், தாண்ட முடியாத பள்ளங்களையும் தூக்க முடியாத கற்களையும் போகுமிடமெல்லாம் காண்கிறான். இரணைமடுக் குளக்கட்டில் நிற்பவருக்கு வயல்வெளி முழுவதும் தெரிந்தாலும், வாய்க்காலை எங்கே கடப்பது என்பது இறங்கி நடந்தால்தான் தெரிவதைப் போன்றது இது. புதிர்களும் எதிரிகளும் நிறைந்த நிலவறைகளுள் முதலாவதில் குதிப்பதற்கான இறகும், இரண்டாவதில் கல் தூக்கும் காப்பும், மூன்றாவதில் வேகமாக ஓடும் காலணியும் கிடைக்கின்றன. ஓடிக்கொண்டே இறகால் குதித்தால் அகன்ற பள்ளங்களையும் தாண்டலாம் என்பது புரிந்த கணத்தில், அதுவரை சுற்றிச்சென்ற வழிகள் எல்லாம் வேறு கண்ணுக்குத் தெரியத் தொடங்குகின்றன.

இரண்டாம் நிலவறையில் ஓர் அறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே மூன்று எதிரிகள் உண்டு. முயல் போன்ற ஒன்று சாடிகளுக்கிடையே அடைபட்டிருக்கிறது. அதை முதலிலும் எலும்புக்கூட்டைக் கடைசியிலும் வீழ்த்த வேண்டும் என்று ஆந்தைச் சிலையொன்றின் குறிப்பு சொல்கிறது. சாடியைத் தூக்கி எறிந்து முயலை முடித்து, எலும்புக்கூட்டைச் சீண்டாமல் விலகி ஓடி, நடுவில் வௌவாலைக் கவனிக்க வேண்டும். அறை முழுவதும் ஒரே பார்வையில் அடங்குவதால் தோற்றாலும் காரணம் நமக்கே தெரிகிறது. முப்பரிமாண விளையாட்டுகளில் முதுகுப்புறமிருந்து அடி வாங்கிச் சலித்தவர்களுக்கு இந்த நேர்மை பெரிய ஆறுதல்.

பழைய பதிப்பில் பொருள்களைப் பயன்படுத்த இரண்டே பொத்தான்கள் இருந்தமையால் வாளைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு வேறொரு பொருளை மாட்ட வேண்டியிருந்தது. புதிய பதிப்பில் வாளுக்கும் கேடயத்துக்கும் காலணிக்கும் தனித்தனிப் பொத்தான்கள் உள்ளன. ஆட்டத்தின் ஓட்டமே இதனால் மாறிவிட்டது.

குறைகள் இல்லாமல் இல்லை. திறந்தவெளியில் நடக்கும்போது படம் சில இடங்களில் தடுமாறுகிறது. பார்த்த அறைகளையே ஒட்டுப்போட்டு நிலவறை அமைக்கச் சொல்லும் புதிய பகுதி எனக்குச் சலிப்பையே தந்தது. மறுப்பும் திறப்பும் இல்லாத இடத்தில் அறைகளை அடுக்குவதில் என்ன சுவை?

மொழி இன்னொரு தடை. தமிழ் இல்லை. ஆங்கிலம் அதிகம் வாசிக்காத என் மருமகன் நிலவறைப் புதிர்களைக் கண்ணாலேயே அவிழ்த்துவிட்டான். ஆனால் பொம்மையைக் கொடுத்து ரிப்பன் வாங்கி, ரிப்பனைக் கொடுத்து நாய்த்தீனி வாங்கி என்று நீளும் பண்டமாற்றில், யார் எதைக் கேட்கிறார் என்பதை அருகிலிருந்து வாசித்துச் சொல்ல வேண்டியிருந்தது. சிறுவர்களுக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் கூடவே சற்று நேரத்தையும் ஒதுக்கிக்கொள்வது நல்லது.