கார்மின் ஏரா 660: கொங்கு வானில் ஒரு நகரும் வரைபடம்

சேலத்திலிருந்து கோவைக்கு ஒற்றை எஞ்சின் விமானத்தில் பகலில் பறப்பவருக்கு வழி கண்டுபிடிப்பது கடினமன்று. சங்ககிரி மலைக்கோட்டை, பவானிக் கூடுதுறை, அவிநாசி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை ஆகியவற்றைப் பார்த்தே போய்ச் சேர்ந்துவிடலாம். ஆகவே 2016-இல் வெளிவந்த கார்மின் ஏரா 660 என்னும் இந்தக் கையடக்க வழிகாட்டிக் கருவியின் பெரும்பயன், மலைகளையும் வான்வெளி எல்லைகளையும் முன்கூட்டியே காட்டுவதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

திரை 5 அங்குலம். மின்கலம் அதிகபட்சம் 4 மணி நேரம் தாங்கும். ஜி.பி.எஸ்., குளோனாஸ் என இருவகைச் செயற்கைக்கோள்களின் குறிகைகளையும் ஏற்கிறது.

காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்துக்குக் கிழக்கே சேர்வராயன் மலை நிற்கிறது. மார்கழிக் காலையில் மூடுபனி விலகாதபோது அதன் சரிவு எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் சொல்வது அரிது. விமானத்தின் உயரத்துக்குக் கீழே 100 முதல் 1,000 அடிக்குள் உள்ள நிலத்தை மஞ்சளாகவும், 100 அடிக்குள் நெருங்கிவிட்ட அல்லது அதற்கும் மேலே எழுந்த நிலத்தைச் சிவப்பாகவும் கருவி தீட்டிக் காட்டுகிறது. நீலகிரியை நோக்கித் திரும்புகிறவருக்கு, 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா இருக்கும் திசையில் இந்த வண்ணங்கள் உயிர்காக்கும் எச்சரிக்கை.

ஆனால் திரையில் தெரியும் உயரத்தை விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொல்லக் கூடாது. விமானத்தின் உயரமானி காற்றழுத்தத்தை அளந்து உயரத்தைச் சொல்கிறது. திரையில் தெரிவதோ செயற்கைக்கோள்களிலிருந்து உள்ள தொலைவைக் கொண்டு கணக்கிட்ட உயரம். சித்திரை வெயிலில் காற்று விரிந்துவிடுவதால், உயரமானி காட்டுவதைவிட விமானம் சில நூறு அடி கூடுதலாகவே இருக்கக்கூடும். மலையைத் தவிர்க்க உண்மையான உயரம் உதவும். பிற விமானங்களிடமிருந்து விலகியிருக்க, எல்லோரும் பின்பற்றும் உயரமானி அளவே செல்லும். புதிய மாணவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

கோவையை நெருங்கும்போது, கிழக்கில் சூலூர் விமானப்படைத் தளம் இருப்பதால், வான்வெளி எல்லைக் கோடுகளின் அருமை புரிகிறது. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே பாயும் மேற்குக் காற்று விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும்போது, தரைவேகம் (தரையைப் பொறுத்த வேகம்) எவ்வளவு குறைந்தது, எரிபொருள் எட்டுமா என்பதைக் கணக்கிடத் தேவையான எண் உடனே கண்முன் வந்துவிடுகிறது. இந்த வசதி ஒன்றுக்காகவே வாங்கலாம்.

வானூர்தித் தரவுகள் 28 நாள் சுழற்சியில் புதுப்பிக்கப்படுகின்றன என்பதால் சந்தாச் செலவையும் சேர்த்தே விலையை எண்ண வேண்டும். மதிய வெப்பத்தில் விமானம் குலுங்கும்போது தொடுதிரை எதுவானாலும் விரல் வழுக்கும். பாதையைத் தரையிலேயே பதிந்துகொள்வது நல்லது. மேகத்தினூடே தரையிறங்க இது ஏற்றதன்று. அதற்கு, ஜி.பி.எஸ். கணக்கின் பிழைகளைத் திருத்தித் தரும் இந்தியாவின் ககன் செயற்கைக்கோள் சேவையைப் பயன்படுத்தும், விமானத்திலேயே பொருத்தப்பட்ட சான்றுபெற்ற கருவி வேண்டும். பகல்வெளிச்சத்தில் பறக்கும் பயிற்சி மாணவருக்கும் தனி விமானிக்கும், மடியில் ஒரு காகித வரைபடத்தோடு சேர்த்து, இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.